கூரியர்ல வந்த ஹெட்லைட் உடைஞ்சிருக்கு, என்ன பண்ணலாம்?

நண்பர்களே, கார் ஹெட்லைட் அசெம்பிளி ஆன்லைன்ல வாங்கினேன், பெட்டிய வெளிய பாத்தா ஒரு கீறல் இல்ல, பிரிச்சா போல்ட் மாட்டுற காது அடியோட முறிஞ்சு கவருக்குள்ள தனியா கிடக்கு, லென்ஸ் மட்டும் தப்பிச்சிருக்கு. உள்ள ஒரு சுத்து பபிள் ராப், அவ்ளோதான், ஓரத்துல தெர்மாகோல் கூட இல்ல, இவ்ளோ பெரிய பிளாஸ்டிக் பார்ட்ட இப்படியா அனுப்புவாங்க! வித்தவர் கூரியர கேளுங்கறார், கூரியர்ல கேட்டா பேக்கிங் சரியில்லங்கறாங்க. போட்டோ, பெட்டி, லேபிள் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், வண்டில இன்னும் மாட்டல, மாட்டிட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்கல்ல. பணம் வாங்கினது வித்தவர்தானே, அவர்தானே பொறுப்பு? இதுமாதிரி மாத்தி வாங்கினவங்க எப்படி பேசுனீங்க? மெக்கானிக் பிளாஸ்டிக் வெல்டிங் பண்ணிக்கலாங்கறார், ஆனா அதிர்வுல காது திரும்ப விட்டு பீம் மேல தூக்கி எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிச்சா? அப்படி ஒட்டி ஓட்டுனவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.