அனுமதி வரும்முன் சோலாரை ஓட விடலாமா?

மேல்தளத்துக்காரர்:
அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளம் எங்களுடையது. மொட்டை மாடியில் பேனல் மாட்டி வயரிங்கும் முடிந்துவிட்டது. மின் நிறுவனத்தின் அனுமதியும், வாங்குவதையும் வெளியே அனுப்புவதையும் தனித்தனியாக எண்ணும் இருவழி மீட்டரும்தான் பாக்கி. "போட்டு ஓட விடுங்க, யாரு பார்க்கப் போறா" என்கிறார் பொருத்தியவர். வெயில் வீணாகிறதே என்று எனக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. இதற்கிடையில் கீழ்வீட்டுக்காரர், மாடி பொது இடம் என்கிறார். என்ன செய்யலாம்?

லைன்மேன்:
வேண்டவே வேண்டாம் சார். நான் கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவன். சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் ஏறுகிறோம். அந்த நேரம் ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் லைனுக்குத் திரும்பி வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர் அழுத்தமாக்கி மறுபக்கம் ஏற்றிவிடும். கையை வைத்தவன் கதி அவ்வளவுதான். அதனால்தான் சப்ளை போனதும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதைச் சோதிக்கத்தான் ஐஇசி 62116 என்ற சர்வதேசத் தரநிலை. உங்கள் இணைப்பு பதிவில் ஏறாதவரை, அந்த வீட்டில் சோலார் ஓடுவதே எங்களுக்குத் தெரியாது.

மீட்டர் விஷயமும் இருக்கிறது. சில பழைய மீட்டர்கள் திசை பார்க்காமல் எண்ணும். நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டுக்கும் உங்களுக்கே பில் வரும்.

பத்திர எழுத்தர்:
மாடிக்குக் கிரயப் பத்திரத்தைப் பாருங்கள். மேல்தளம் வாங்கினால் மாடியும் சேர்ந்து வந்துவிடாது. பெரும்பாலும் பொதுப் பகுதி என்றே எழுதியிருக்கும். அப்படியானால் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். எந்த இடம், தண்ணீர்த் தொட்டிக்கு எவ்வளவு வழி, துளை போட்ட இடத்தில் கசிந்தால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் வரட்டும். காரணமில்லாமல் சங்கம் தடுக்கக் கூடாது என்றும் சில இடங்களில் சட்டம் உண்டு; கலிபோர்னியாவில் 1978-லேயே வந்துவிட்டது.

மேல்தளத்துக்காரர்:
சரி, சங்கத்துக்கு எழுதுகிறேன். ஆனால் இன்வெர்ட்டருக்குச் சான்றிதழ் இருக்கிறதே, அதுவே நின்றுவிடாதா?

லைன்மேன்:
சான்றிதழ் அந்த மாடலுக்குத்தான் சார். உங்கள் வீட்டில் செட்டிங்கும் எர்த்திங்கும் சரியா என்பது ஆய்வில்தான் தெரியும். இன்வெர்ட்டர் நின்றாலும் வெயில் இருக்கும்வரை பேனல் பக்கத்து வயரில் மின்சாரம் இருக்கும், அதனால் பேனல் பக்கத்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆய்வுக்கு வருபவர் முன்னால் மெயினை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் உடனே நிற்க வேண்டும். மறுபடி போட்டதும் உடனே ஓடாது. லைனைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுத்தான் இணையும். அது கோளாறு இல்லை, பயப்படாதீர்கள்.