பூட்டிய வீட்டு மரத்தைத் தொட்டிக்கு மாற்றியவர்கள் சொல்லுங்கள்

வளவுக்காரன்:
கானாடுகாத்தான் வீடு. பங்காளிகள் ஏழு பேர், படைப்புக்கு மட்டும்தான் திறப்போம். போன தடவை திறந்தால் இரண்டாம் கட்டு முற்றத்து ஓரத்தில் கல்லிச்சி மரம், இடுப்பு உயரம், அடிமரம் மணிக்கட்டுப் பருமன். ஆசிட் ஊற்றிவிடலாம் என்றார் கொத்தனார். போன்சாய் பண்ணுகிறேன் என்று நான்தான் வாயை விட்டேன். ஒரு சாண் விட்டு அறுத்தேன், பால் வடிந்து வேட்டியெல்லாம் பிசுபிசு. சரி, அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கடப்பாரையால் நெம்பியபோது வேரோடு தரையில் பதித்த ஓர் ஆத்தங்குடிப் பூக்கல் துண்டும் வந்தது. நாலு வேர், ஏதோ விரல் மடக்கிப் பிடித்தமாதிரி. பச்சையில் பாதிப் பூ தெரிந்தது. தொட்டியில் அடங்காதே என்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். சிமெண்டுக் கல்தானே, மூன்றாகப் போய்விட்டது. வேர் மட்டும் கல் இருந்த வாக்கிலேயே வளைந்து நின்றது. மரம் இப்போது நன்றாகத் தழைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கண் அந்த ஓட்டைக்குத்தான் போகிறது.

செம்புராங்கல்:
தப்புப் பண்ணிவிட்டீர்கள் அண்ணே. பேரே கல்லிச்சி! கல்லைக் கவ்விய வேருக்காக ஜப்பானில் செகிஜோஜு என்று வருசக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள், உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. எனக்கு வாய்த்தது கிணற்றடிக் கொடுக்காப்புளி. ஆணிவேரை அறுத்த மூன்றாம் நாள் பட்டுப்போனது, அவ்வளவுதான் கதை. ஆனால் ஒன்று கேளுங்கள். செம்மண்ணைச் சலிக்காமல் போடாதீர்கள், தூசு இறுகித் தண்ணீர் நின்றுவிடும். செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒன்று, மக்கிய எரு ஒன்று. அலுமினியக் கம்பி சுற்றினால் வாரம் ஒருமுறை பாருங்கள், இச்சி வேகமாகப் பருக்கும், கம்பி பட்டைக்குள் புதைந்தால் தழும்பு போகாது. மொட்டைமாடியில் வைத்தால் தொட்டி சுடும், வேர் வெந்துவிடும். இலையைக் கிள்ளும்போது...

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, ஆணிவேரை அறுத்துக் கொன்றவர் இவ்வளவு சொல்கிறீர்களே! என் கதை வேறு. பெங்களூரிலிருந்து மகன் ஜப்பான் மேப்பிள் வாங்கிவந்தான், யாரோ கவனிக்காமல் விட்ட செடியாம். அதற்குக் குளிர்காலத்தில் இலை உதிர்த்து வாரக்கணக்கில் உறங்க வேண்டும், 5 டிகிரி மாதிரி குளிர் வேண்டும். நமக்கு மார்கழி ராத்திரியே 20 டிகிரிக்குப் பக்கம். அவன் என்ன செய்தான் தெரியுமா, தொட்டியோடு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு நாள் மாவு பொங்கித் தொட்டிக்குள் வழிந்துவிட்டது. நான் சாமானோடு சாமானாக அதையும் கழுவி வைத்தேன்! பங்குனியில் இரண்டு சிவப்புத் துளிர் விட்டது. சித்திரையில் ஓரம் கருகி, சுருண்டு, அப்புறம் இல்லை. மகனுக்கு மாவு விசயம் இன்னும் தெரியாது.

செம்புராங்கல்:
ஆச்சி, மாவால் சாகவில்லை, நம் வெயிலால்தான். சொல்லிவிடுங்கள். வளவுக்காரன் அண்ணே, கல் துண்டு இருந்தால் திரும்ப வைத்துக் கட்டுங்கள், சணல் போதும்.

வளவுக்காரன்:
இருக்கிறது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். நேற்றுப் பெரிய துண்டை எடுத்துச் சொருகிப் பார்த்தேன். வேர் பருத்துவிட்டது, நுழையவில்லை.