சிஐபி முடிந்தும் மெம்பரேன் தேறவில்லை

மாதவரம் நைட் ஷிப்ட்:
மாதவரம் பக்கம் சின்ன தயிர் பிளான்ட். கெட்டித் தயிருக்காகக் கொழுப்பு நீக்கிய பாலை 50 டிகிரியில் யூஎஃப் மெம்பரேனில் (புரதத்தை நிறுத்தித் தண்ணீரை வெளியே விடும் நுண்ணிய வடிகட்டி) ஓட்டுகிறோம். பாலிஈதர்சல்போன், சுருள் வகை. புதிதில் வெறும் தண்ணீர் விட்டால் மணிக்கு 600 லிட்டர் இறங்கும். இப்போது சிஐபி (கழற்றாமலே ரசாயனத்தைச் சுற்றவிட்டுக் கழுவுவது) முடித்த பிறகும் 410தான். பால் ஓடும்போது பச்சையும் மஞ்சளுமாகக் கொட்டிய பெர்மியேட், அதாவது மெம்பரேனைத் தாண்டி வடியும் நீர், நூலாகிவிட்டது. பிரஷரைக் கூட்டு என்கிறார் சூப்பர்வைசர். கூட்டினால் பத்து நிமிஷம் சரி, அப்புறம் முன்னைவிட மோசம். கழுவும் காஸ்டிக் சோடாவின் அளவையும் ஏற்றிப் பார்த்துவிட்டேன்.

கொடுங்கையூர்க்காரன்:
தம்பி, பிரஷரில் கை வைக்காதே. புரதம் மேலே ஏடு மாதிரி படிகிறது, அழுத்த அழுத்த அந்த ஏடுதான் இறுகும். அது இருக்கட்டும், சிஐபிக்கு என்ன தண்ணீர்?

மாதவரம் நைட் ஷிப்ட்:
போர் தண்ணீர்தான் அண்ணே. லாரித் தண்ணீர் கடைசி அலசலுக்கு மட்டும்.

கொடுங்கையூர்க்காரன்:
சோப்பே நுரைக்காத தண்ணீரில் மெம்பரேன் கழுவுகிறாயா! கடினத் தண்ணீரைச் சுடவைத்துக் காஸ்டிக் கலந்தால் சுண்ணாம்பு அங்கேயே பிரிந்து உட்காரும். காஸ்டிக்கை ஏற்றியது இன்னும் வம்பு. பாலிலிருந்து வரும் கால்சியம் பாஸ்பேட்டும் சூட்டில் கரையாமல் படியும். இரண்டுக்கும் அமிலம்தான் மருந்து. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதே சூடு, அதே பிரஷரில் தண்ணீர் வரத்தைக் குறித்து வை. காஸ்டிக்குக்குப் பிறகு ஏறினால் அது புரதம், அமிலத்துக்குப் பிறகு ஏறினால் உப்புப் படிவு. பைப் மூட்டில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் சுரண்டி வினிகரில் போடு. பொங்கினால் தண்ணீர்ச் சுண்ணாம்பு. பாஸ்பேட் பொங்காது.

லேப் அக்கா:
ஒன்று சொல்லிவிடுகிறேன். குளோரின் போடும் வழக்கம் இருந்தால் காஸ்டிக் கட்டத்தோடு மட்டும். நன்றாக அலசாமல் அமிலத்தை விட்டால் விஷ வாயு கிளம்பும். ஆர்ஓ மெம்பரேன் பாலிஅமைடு, அதற்குக் குளோரினே ஆகாது.

மாதவரம் நைட் ஷிப்ட்:
அண்ணே, பைப் மூட்டு ஃபிளாஞ்சில் நகக்கண் அளவு பொருக்கு கிடைத்தது. டீ கிளாஸில் வினிகர் ஊற்றிப் போட்டேன், சோடா மாதிரி பொங்கியது. ராத்திரியே லாரித் தண்ணீரில் நைட்ரிக் அமிலம், மெம்பரேன் கம்பெனி சொன்ன பிஎச் அளவுக்குள்ளேயே ஓட்டினேன். 560 வந்துவிட்டது. தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னருக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் இப்போது அமிலத்தைக் கூட்டு என்கிறார்.