புதுப்பிப்பு: குடற்புழு மருந்து கொடுத்தும் மஞ்சள் கரு வெளுத்தே இருந்தால்

மேய்ச்சல் கோழிகளின் மஞ்சள் கரு வெளுத்து, முட்டை சிறுத்தால் குடற்புழுவைச் சந்தேகிக்கச் சொல்லியிருந்தேன். மருந்துக்குப் பிறகும் மாற்றமில்லை என்று சிலர் கேட்டதால் இது.

அவசரப்படாதீர்கள். ஒரு கரு திரள ஏறக்குறைய 10 நாள் ஆகும். புண்பட்ட குடல் தேறி, தீவனத்தின் நிறமிகளை மறுபடி உறிஞ்ச வேண்டும். மருந்து கொடுத்து இரண்டு வாரம் ஆவதற்குள் முட்டையை உடைத்துப் பார்த்து மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

அதன் பிறகும் மாற்றமில்லை என்றால், புழு மிச்சமிருக்கிறதா என்று எச்சத்தைச் சோதியுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பைக் கரையுங்கள். அடியில் கொஞ்சம் கரையாமல் நின்றால்தான் கரைசல் சரி. பல கோழிகளின் புது எச்சத்தில் 3 கிராம் எடுத்து அந்தக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, சிறு குப்பியில் விளிம்பு ததும்ப ஊற்றி, மேலே கண்ணாடி வில்லையை வையுங்கள். 15 நிமிடத்தில் புழுமுட்டைகள் மிதந்து வந்து அதில் ஒட்டும், நுண்ணோக்கியில் பாருங்கள். இளம்புழு முட்டையிடாது என்பதால், ஒருமுறை ஒன்றும் தெரியாவிட்டால் சில வாரம் கழித்து மீண்டும் பாருங்கள்.

ஓட்டில் ரத்தப்புள்ளியா? அது குடற்புழு வேலையல்ல, பெரும்பாலும் ரத்தம் குடிக்கும் செவ்வுண்ணி. பகலில் கோழி மேல் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இரவில் டார்ச்சோடு கோழி அடையும் கம்பின் முனைகளையும் மூட்டு இடுக்குகளையும் பாருங்கள்.

ஓடில்லாத முட்டை அடிக்கடி விழுந்து, பக்கத்தில் குளமும் இருந்தால் தட்டைப்புழுவும் காரணமாகலாம். தும்பியைத் தின்னும் கோழியின் முட்டைக்குழாயில் அது குடியேறும். வழக்கமான உருண்டைப்புழு மருந்தை இதற்கு நம்பாதீர்கள். தும்பிகள் மந்தமாக இருக்கும் அதிகாலையில் கோழிகளைக் குளத்தருகே விடாதீர்கள்.