செவர்லே வேலை: குடும்பக் குழு

தம்பி, அழகியமண்டபம்:
அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் பழைய செவர்லே பிக்கப்பைப் புதுப்பிக்கும் வேலையில் பின்பெட்டி, பானெட், முன் மட்கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. சேசிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தின், மேல் இனி நிற்பது கேபின் மட்டுமே. மழைக்காலம் தொடங்குவதற்குள் அதையும் இறக்கிவிட வேண்டும் என்பதால், சனிக்கிழமை கிரேன் வரவழைக்கலாமா என்று மாமாவிடம் கேட்டு முடிவு செய்ய நினைக்கிறேன்.

அண்ணன், மஸ்கட்:
தாராளமாக வரவழை. அரை மணி நேர வேலைக்கு இவ்வளவு யோசனை எதற்கு? கிரேன் வாடகையை நான் அனுப்பிவிடுகிறேன். அன்று மாலையே சேசிஸைச் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு, மணலைப் பீய்ச்சித் துருவை நீக்க, ஏற்றிவிடலாம்.

மாமா, தக்கலை:
பட்டறைச் சத்தத்தில் குரல் பதிவு விளங்காது என்பதால் எழுதியே அனுப்புகிறேன். தூக்குவது அரை மணி நேர வேலைதான். தூக்கிய கேபின் மறுபடியும் அதே சேசிஸில் அதே துளைகளில் வந்து உட்காருமா என்பதே கேள்வி. அந்த வண்டியின் கேபினில் பின்சுவரும் கூரையும் கனமாக இருக்கின்றன, முன்பக்கத்தில் டேஷ்போர்டு இருக்கும் பகுதியும் உறுதியாக இருக்கிறது. ஆனால் இவ்விரண்டையும் கீழே இணைத்துப் பிடித்திருப்பவை தரைத்தகடும், கதவுக்கு அடியில் ஓடும் கீழ்ச்சட்டமும் மட்டுமே. கடல் காற்றில் முதலில் அரித்துப் போனவையும் அவைதாம். இப்போது கேபினின் வடிவத்தைக் காப்பாற்றுவது துருப்பிடித்த அந்தத் தகடு அன்று, அதன் அடியில் இருக்கும் சேசிஸ். சேசிஸை விட்டு எழும்பிய மறுகணமே கதவுத்தூண்களின் கீழ்முனைகள் தம் விருப்பத்துக்கு விலகும் அல்லது நெருங்கும். அரை அங்குலம் மாறினாலும் பிறகு எந்தக் கதவும் சாத்தாது.

தம்பி, அழகியமண்டபம்:
அப்படியென்றால் தூக்குவதற்கு முன்பே உள்ளே குழாய் வைத்து வெல்டிங் செய்துவிட வேண்டுமா, மாமா?

மாமா, தக்கலை:
ஆமாம், ஆனால் கதவுகளைக் கழற்றாமல் செய்ய வேண்டும். பலரும் முதலில் கதவைக் கழற்றிவிட்டு, வெற்றிடத்தில் குழாயைப் பற்றவைத்து, ஏற்கெனவே கோணிப்போன வடிவத்தையே நிலையாக்கிவிடுகிறார்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இரண்டு கதவுகளையும் சாத்தி, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பார். எங்கேனும் தொங்கியிருந்தால், அந்தப் பக்கத்துக் கேபின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்ல உயர்த்திச் சரிசெய்த பிறகே குழாயைத் தொட வேண்டும். ஒரு அங்குலச் சதுரக் குழாய் போதும். கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு ஒன்று, அதே திறப்பில் மூலைக்கு மூலை ஒன்று, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் குறுக்காக இன்னும் இரண்டு. கதவு சாத்தித் திறக்க இடம் விட்டு, உட்பக்கமாகவே பற்றவைக்க வேண்டும். புதிய தரைத்தகடு போட்டு, கேபின் மறுபடியும் சேசிஸில் இறுகிய பின்னரே அந்தக் குழாய்களை வெட்டி எடுக்கலாம்.

அத்தை, அழகியமண்டபம்:
வெல்டிங் என்கிறீர்கள். அந்த வண்டிக்குள் ஏறினாலே இன்னும் பெட்ரோல் வாடை அடிக்கிறதே?

மாமா, தக்கலை:
மிகச் சரியாகக் கேட்டாய். அந்த மாடலில் பெட்ரோல் டேங்க் கேபினுக்கு உள்ளேயே, இருக்கையின் பின்னால் நிற்கிறது. வெல்டிங்குக்கும் கிரைண்டருக்கும் முன்னால் அது வெளியேறியாக வேண்டும். காலியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட, அடியில் சிறிது மட்டும் தங்கி மேலே ஆவி நிரம்பிய டேங்கே அதிக ஆபத்தானது.

சித்தப்பா, குளச்சல்:
அத்தான் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கேபின் போல்ட்டுகளில் முரட்டுத்தனம் காட்டாதே, மக்களே. இங்கே விசைப்படகு இன்ஜின்களில் நாள்தோறும் பார்க்கிறோம். உப்பு ஏறிய போல்ட்டை நீளமான குழாய் மாட்டித் திருகினால் தலைதான் உடையும், நட்டு அசையாது. சில நாள்களுக்கு முன்பிருந்தே எண்ணெய் விட்டு ஊறவை, பிறகு சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மாறி மாறிச் செய். அப்படியும் வராவிட்டால் அறுத்துவிடு. கேபினை இறக்கும் வேலையில் பழைய போல்ட்டைக் காப்பாற்றுவது கணக்கில் வராது.

மாமா, தக்கலை:
உண்மை. ஆனால் போல்ட்டோடு சேர்ந்து விழும் மெல்லிய தகடுகளைக் குப்பையில் போட்டுவிடாதே. கேபினைச் சமப்படுத்துவதற்காக, அது உட்காரும் ரப்பருக்கு அடியில் அவற்றை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மூலையிலும் எத்தனை இருந்தன என்பதை எழுதித் தனித்தனிப் பையில் கட்டிவை. ஸ்டீயரிங் பெட்டி சேசிஸில் பொருத்தப்பட்டது, ஆகவே ஸ்டீயரிங் வட்டத்தைப் புல்லர் என்னும் இழுவைக் கருவி வைத்துக் கழற்றி, டேஷ்போர்டின் அடியில் இருக்கும் பிடியையும் நீக்கிவிட்டால், ஸ்டீயரிங் ராடு அங்கேயே நிற்க, கேபின் அதன் மேலாக எழும்பும். கிளட்ச், பிரேக் பெடல்களும் தரையைத் துளைத்து வருபவை; காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டரும் அப்படித்தான். ஸ்பீடோமீட்டர் கேபிள், சோக் கம்பி, கைப்பிரேக், எர்த் வயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் மறந்துபோகும். ஒரு சாண் தூக்கி நிறுத்தி, எல்லாப் பக்கமும் குனிந்து பார்த்த பிறகே மேலே கொண்டுபோக வேண்டும்.

அண்ணன், மஸ்கட்:
அரித்த பகுதிகளை இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, வேறு ஒரு புதிய கேபினையே பொருத்திவிட்டால் என்ன? செலவைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

தம்பி, அழகியமண்டபம்:
அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அண்ணா. பழமை வாகனப் பதிவுக்காக மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளைப் படித்துப் பார்த்தேன். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டிகளுக்குத்தான் அந்தத் தகுதி. சேசிஸையோ பாடியையோ இன்ஜினையோ மாற்றியமைத்தால் தகுதி போய்விடும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு வி.ஏ. என்ற வரிசை. நம் வண்டி பதிவானபோது இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அந்தப் பழைய எண்ணை இழக்க எனக்கு மனமில்லை.

மாமா, தக்கலை:
அப்படியானால் கதவுத்தூணில் இருக்கும், கம்பெனி பொறித்த எண் தகட்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள். குழாய் பற்றவைக்கும்போதும் தேய்க்கும்போதும் அதன் பக்கத்தில் கிரைண்டர் போகக் கூடாது. இப்போதே படம் எடுத்துவைத்து, மேலே துணி ஒட்டிவிடு.

சித்தப்பா, குளச்சல்:
கிரேனும் தேவையா என்று யோசிக்கிறேன். கதவும் கண்ணாடியும் இருக்கையும் போன வெறும் கேபினை ஐந்தாறு பேர் சேர்ந்தே எடுத்துவிடலாம். என்னிடம் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் இருக்கிறது, கொட்டகைக்குப் பின்னால் அயனி மரமும் நிற்கிறது.

மாமா, தக்கலை:
செயின் பிளாக் போதும், மரக்கிளை வேண்டாம்; இரும்பு முக்காலி நான் கொடுத்தனுப்புகிறேன். கயிற்றைக் கூரை ஓரத்தில் மாட்டினால் மழைநீர் வடியும் மடிப்பு நசுங்கிவிடும். இரண்டு கதவுத் திறப்புகளின் ஊடாகவும், கூரைக்குக் கீழே, நல்ல தேக்குக் கட்டையைச் செலுத்தி, தூண்களோடு ஒட்டிய மூலைகளில் சாக்கை மடித்து வைத்து, கட்டையில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். கேபின் எழும்பியதும் சேசிஸைப் பின்னால் தள்ளி வெளியே எடுத்துவிடுங்கள். தொங்கும் கேபினை நகர்த்துவதைவிட அது பாதுகாப்பு.

அத்தை, அழகியமண்டபம்:
எல்லாம் சரி, இறக்கிய கேபின் என் முற்றத்தில் மழை முழுவதும் கிடக்குமா?

தம்பி, அழகியமண்டபம்:
இல்லை, அத்தை. சக்கரம் வைத்த மரச்சட்டத்தில் ஏற்றிக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவேன். தார்ப்பாயை அடிவரை இழுத்துக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று துரு கூடும், ஆகையால் மேலே மட்டும் மூடி, கீழே காற்றுப் போக விடுகிறேன். கிரேன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று டேங்க் வெளியே வருகிறது. சனிக்கிழமை கதவு இடைவெளியைச் சரிபார்த்துக் குழாய் வைக்கும் வேலை மட்டும். மாமா, அன்று காலையில் உங்களை அழைத்துவர வண்டி அனுப்பட்டுமா?

மாமா, தக்கலை:
வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன். சதுரக் குழாயை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடு.