பிரிக்பீல்ட்ஸைக் காட்ட எங்கே தொடங்குவது: வளைவிலா, ஸ்காட் சாலையிலா?

செங்கல்சூளை:
மதுரையிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு அரை நாளில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று நண்பர் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். துன் சம்பந்தன் சாலை வளைவுகளையும் தோரண வாயிலையும் விட்டுவிட்டு ஸ்காட் சாலையில் தொடங்கச் சொன்னேன். மதுரைக்காரர்களுக்குப் புடவைக்கடை புதிதா என்ன? இந்த ஊர் எப்படி உண்டானது என்பதுதான் அவர்களுக்குப் புதிது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு செங்கல் கட்டடங்கள் தேவைப்பட்டன. அன்றைய சீனர் தலைவர் யாப் ஆ லோய் இங்கே செங்கல் சூளை போட்டார். அப்புறம் ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமாரும் (எழுத்தர்கள்) ஸ்டேஷன் மாஸ்டர்களும், தமிழ்நாட்டிலிருந்து தண்டவாள வேலையாட்களும் வந்து குடியேறினார்கள். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங்கும் அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் திறந்து வைத்த துன் சம்பந்தன் சாலையின் 'லிட்டில் இந்தியா' அலங்காரத்தில் இதில் ஒரு துளியாவது தெரிகிறதா?

மல்லிகைக்கடை:
அண்ணே, அந்தச் சாலையில்தான் எங்கள் குடும்பம் பூக்கடை வைத்திருக்கிறது. அலங்கார வேலை நடந்தபோது தூசியும் நெரிசலும் தாங்காமல் நாங்களும் புலம்பியவர்கள்தான். ஆனால் வெளியூர்க்காரர்கள் தேடி வந்து இறங்குவது அதற்குப் பிறகுதான். விடியற்காலையில் ஐந்தடி நடையில், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், வந்து நின்று பாருங்கள். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே அம்மா சரம் கட்டுவார். பக்கத்தில் சீன ஆன்ட்டி ஒருவர் தன் வீட்டுக் காவல் தெய்வமான டத்தோ கோங்கிற்கு மாலை கேட்டு நிற்பார். இருவரும் பேசுவது பாதி மலாய், பாதி தமிழ். குடியேறிகள் கட்டிய ஊர் என்று நீங்கள் எழுதுவது இன்றைக்கும் உயிரோடு நடக்கிற இடம் இது. இதை விட்டுவிட்டு எதைக் காட்டப் போகிறீர்கள்?

கோயிலடி:
தங்கச்சி சொல்வது சரி. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயில் எங்கள் ஆட்கள் எழுப்பியது. பெர்ஹாலா சாலையில் இருக்கும் பௌத்த மகா விகாரையைச் சிங்களவர்கள் 1894 வாக்கில் சங்கம் அமைத்து உருவாக்கினார்கள். தம்பிப்பிள்ளை சாலையில் சீனக் கோயில் இருக்கிறது. இந்தியா என்ற ஒரே வண்ணத்தைப் பூசியபோது நாங்கள் எல்லோரும் விடுபட்டுப் போனோம். வருகிறவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

செங்கல்சூளை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ரொசாரியோ சாலையில் 1905-இல் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ் இன்று இல்லை. அரசு வேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வரிசை வீடுகள் அவை. சாலையை அலங்கரிக்க முடிந்தது, அந்த வீடுகளில் ஒரு வரிசையைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

மல்லிகைக்கடை:
குவார்ட்டர்ஸ் போனதற்கு வளைவைக் குற்றம் சொல்லாதீர்கள். பழைய ரயில்வே யார்டில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் திறந்ததிலிருந்தே இங்கே நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. இடிக்க வைத்தது அந்த விலைதான். 2014-இல் விவேகானந்தா ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி கட்டத் திட்டம் வந்தபோது எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் கடைக்காரர்களும் இருந்தோம். 1904-ஆம் ஆண்டுக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதுவும் எங்கள் துன் சம்பந்தன் சாலையில்தான் இருக்கிறது. அதையும் விட்டுவிடச் சொல்வீர்களா?

மஞ்சள்தடம்:
நடுவே ஒரு விஷயம். பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பேட்டை இது. நடைபாதையில் பதித்திருக்கும் மேடு வைத்த மஞ்சள் கற்கள் அவர்கள் வெள்ளைக்கோலால் தடவி நடக்கும் வழி. அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள், சரக்குப் பெட்டியை அடுக்குகிறார்கள். எந்த வழியாகக் கூட்டிப்போனாலும் சரி, படம் எடுக்க அந்தக் கற்கள்மேல் கூட்டமாக நிற்காதீர்கள்.

செங்கல்சூளை:
மஞ்சள்தடம் சொன்னதை எல்லோரும் கேட்க வேண்டும். ஆசிரமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது காட்ட வேண்டிய இடம்தான். வளைவு விஷயத்தில் நான் மாறவில்லை. காலையில் கந்தசுவாமி கோயில், அங்கிருந்து விகாரை, பிறகு ஆசிரமம், மதியம் வாழையிலைச் சாப்பாடு. மோடி 2015-இல் திறந்து வைத்த தோரண வாயிலில் நின்று படம் எடுத்தே தீர வேண்டும் என்றால், அந்த நேரத்தை ஸ்காட் சாலைக் கணக்கில் கழிக்காதீர்கள்.

மல்லிகைக்கடை:
சாப்பாட்டுக்குப் பிறகு பூக்கடைக்கும் வாருங்கள் அண்ணே. அவர்களோடு அம்மாவே பேசுவார்.