பேக்பிரஷர்: பின்னழுத்தமா, எதிர்த்தேக்கமா, ஏறுதேக்கமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

வணக்கம். நம் கணினிக் கலைச்சொற்பட்டியலில் 'பேக்பிரஷர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே 'பின்னழுத்தம்' என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. சொல்லுக்கு வருமுன் பொருளைப் பார்த்துவிடுவோம்.

ஒரு சேவையகத்துக்கு (சர்வர்) நொடிக்கு 1,000 செய்தி வருகிறது. அதால் முடிவது நொடிக்கு 800. மிச்சம் 200 வரிசையில் சேரும். வரிசையில் 1,00,000 இடம் இருந்தால் 500 நொடியில், எட்டரை நிமிடம்கூட ஆகாமல், நிறைந்துவிடும். செய்தி ஒன்றுக்கு 2 கிலோபைட் என்றால் 200 மெகாபைட் நினைவகம் காலி. நினைவகத்தையாவது கூட வாங்கிப் போடலாம், காத்திருப்பை என்ன செய்வது? வரிசையின் கடைசியில் நிற்கும் செய்திக்கு 125 நொடி கழித்துத்தான் முறை வரும். அனுப்பியவர் 30 நொடி பார்த்துவிட்டு 'டைம்அவுட்' என்று கைவிட்டிருப்பார். விட்டதோடு சும்மா இருக்காமல் திரும்ப அனுப்புவார். இப்போது வரத்து 1,000 இல்லை, 1,500, 2,000 என்று ஏறும். சேவையகமோ யாருக்கும் வேண்டாத பழைய வேலையை முழுமூச்சாகச் செய்துகொண்டிருக்கும். சிபியூ 100 விழுக்காடு ஓடும், ஒருவருக்கும் பதில் போய்ச் சேராது. 30 நொடி பொறுப்பவருக்கு, நொடிக்கு 800 முடிக்கும் சேவையகத்தில், 24,000-க்கு மேல் வரிசையில் இடமே கொடுக்கக் கூடாது. ஒரு லட்சம் இடம் கொடுத்தவர் தாராளமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், பாவம்.

வரிசை நிறைந்தால் ஒன்று இடத்தைப் பெருக்கலாம், அல்லது வந்ததைக் கொட்டலாம், அல்லது அனுப்புகிறவரைப் பொறுக்கச் சொல்லலாம். கடைசியாகச் சொன்னதுதான் பேக்பிரஷர்.

நம் பக்கத்து மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் பெங்களூரா காய் வந்து குவியும். ஆலை ஒரு நாளைக்கு இத்தனை டன்தான் அரைக்கும். மிஞ்சினால் வாசலில் லாரி வரிசை. வரிசை ரோட்டுக்கு வந்தால் ஆலைக்காரர் மண்டிக்குப் போன் போடுவார், மண்டிக்காரர் தோப்புக்குப் போடுவார்: "நாளைக்குப் பறிக்காதீங்க." காய் மரத்தில் இருந்தால் நாலு நாள் தாங்கும். பறித்து லாரியில் ஏற்றிவிட்டால் வெயிலில் வெந்துபோகும். காத்திருக்கத்தான் வேண்டுமென்றால், எங்கே காத்திருந்தால் சேதம் குறைவோ அங்கே காத்திருக்கட்டும். அந்த இடம்வரை சேதி ஏறிப் போக வேண்டும். பின்னழுத்தம் என்ற சொல்லில் இந்த ஏற்றம் எங்கே இருக்கிறது?

நான் வைப்பது: எதிர்த்தேக்கம். போக்குக்கு எதிர்த்திசையில் பரவும் தேக்கம்.

ஓசூரிலிருந்து:

அண்ணா, பின்னழுத்தத்தை அவ்வளவு லேசில் தள்ளிவிடாதீர்கள். ஓசூரில் வண்டி சைலன்சரைக் கழற்றி மாட்டும் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் 'பேக் பிரஷர்' என்றால் என்னவென்று சொல்வார். சொட்டு நீர் போட்டவர்களுக்கும் தெரியும்: எல்லா கேட் வால்வையும் மூடிவிட்டு மோட்டாரை ஓட விட்டால் அழுத்தம் திரும்பி வந்து, எங்கே இணைப்பு பலவீனமோ அங்கே பைப் பிய்த்துக்கொள்ளும். மென்பொருள்காரர்கள் சொல்லை எடுத்ததே இந்தக் குழாயிலிருந்துதான். ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று துறையில் வாழ்கிறது. தமிழில் மட்டும் துறைக்கொரு சொல் எதற்கு?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

இரண்டு காரணம், தம்பி. சைலன்சரில் பின்னழுத்தம் கூடினால் எஞ்சினுக்கு இழப்பு, குறைக்கத்தான் பார்ப்பார்கள். நமக்கோ அது வேண்டுமென்றே வைக்கிற ஏற்பாடு, இல்லாவிட்டால்தான் இழப்பு. படிக்கும் பிள்ளை 'பின்னழுத்தம் ஏற்பட்டது' என்று பார்த்தால் பிழைச் செய்தி என்றுதான் நினைக்கும். இரண்டாவது, தமிழில் 'பின்' இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். பின்விளைவு, பின்தேதி, பின்குறிப்பு எல்லாம் காலம். பின்னழுத்தம் என்றால் 'அப்புறம் வரும் அழுத்தம்' என்று படிக்க இடமிருக்கிறது.

பாலக்கோட்டிலிருந்து:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீர்நிலைச் சொல்லாக எடுப்பது நல்லதுதான். ஸ்ட்ரீம், பைப், டிரெயின், ஹை வாட்டர் மார்க் என்று மென்பொருள்காரர்களும் ஆற்றங்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அணையை உவமை சொல்லிவிடாதீர்கள், தலைகீழாகிவிடும். கெலவரப்பள்ளி அணை நிரம்பினால் திறப்பார்கள், அது தென்பெண்ணை வழியே கிருஷ்ணகிரி (கேஆர்பி) அணைக்கு வரும். நீர்மட்டம் முழு உயரமான 52 அடியை நெருங்கினால் அங்கேயும் திறந்து, கரையோர மாவட்டங்களுக்கு வெள்ள எச்சரிக்கை கொடுப்பார்கள். எச்சரிக்கை கீழே இருப்பவருக்குப் போகிறது. மேலே பெய்கிற மழையிடம் 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல ஆள் கிடையாது. ஆற்றுக்குப் பேக்பிரஷர் இல்லை, ஆலைக்கு உண்டு. கையேட்டில் இந்த வேறுபாட்டை ஒரு வரியாவது எழுதுங்கள்.

எங்கள் ஊர்த் தக்காளிச் சந்தையில் இன்னொரு பாடம் இருக்கிறது. வரத்து கூடினால் விலை விழும். விலையும் மேலே ஏறிப் போகும் சேதிதான். ஆனால் நாற்று நட்டுக் காய் பறிக்க 60, 70 நாள் ஆகும். இன்றைக்கு விழுந்த விலையைப் பார்த்து எல்லாரும் நடவைக் குறைத்தால் இரண்டு மாதம் கழித்துத் தட்டுப்பாடு, அதைப் பார்த்து எல்லாரும் நட்டால் அடுத்த இரண்டு மாதத்தில் ரோட்டோரம் கொட்டல். தாமதமாக வரும் சேதி ஊசலை உண்டாக்கும். மென்பொருளிலும் இதேதான். ஐந்து நிமிடச் சராசரியைப் பார்த்து வரத்தைக் கட்டுப்படுத்துகிற நிரலை எழுதினால், சேவையகம் ஒரு நேரம் மூச்சு முட்டும், ஒரு நேரம் ஈ ஓட்டும். இந்தக் கணத்து வரிசை நீளத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

'வரத்து' என்ற சொல்லைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒகேனக்கலுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி என்று செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சந்தையிலும் வரத்துதான். 'உள்வரும் கோரிக்கைகளின் வீதம்' என்று இழுக்காமல் வரத்து என்றே பட்டியலில் போடுங்கள்.

அரூரிலிருந்து:

எதிர்த்தேக்கத்தில் எனக்கு ஒரு தடங்கல். 'எதிர்' முன்னால் வந்தால் பாதி நேரம் 'எதிரான' என்று பொருளாகிவிடுகிறது. எதிர்க்கட்சி, எதிர்வாதம், எதிர்ப்புரட்சி. எதிர்த்தேக்கம் என்பதைத் தேக்கத்தை ஒழிக்கும் மருந்து என்று ஒருவர் படித்தால் அவர்மேல் தப்பில்லை. எதிரொலி, எதிர்க்காற்று போல எதிர்த்திசையைக் குறிப்பவையும் உண்டு, ஆனால் கலைச்சொல்லில் இந்த ஐயமே வேண்டாம்.

அண்ணன் தன் மடலிலேயே விடையை வைத்திருக்கிறார்: 'சேதி ஏறிப் போக வேண்டும்.' அதையே எடுத்து ஏறுதேக்கம் என்று வைக்கலாம். வினைத்தொகை, ஆகவே நடுவில் 'த்' மிகாது. தட்டச்சில் ஓர் எழுத்து மிச்சம். ஏறுவெயில், ஏறுமுகம் என்று காதுக்குப் பழகிய அமைப்பு. வினையாக வேண்டுமென்றால் 'தேக்கம் ஏறுகிறது' என்று பிரித்துக்கொள்ளலாம். பின்னழுத்தத்தை அப்படிப் பிரிக்க முடியாது.

1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. தருமபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும் தனி மாவட்டமானவை, அன்றைக்கு எல்லாமே சேலம் ஜில்லா. இந்தச் சண்டை நமக்குப் பரம்பரைச் சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து:

சரி, ஏறுதேக்கத்தை வாக்கியத்தில் போட்டு உரசிப் பார்க்கிறேன்.

லினக்ஸில் ஒரு முனையத்தைத் திறந்து ஓயாமல் 'y' என்று எழுதிக்கொண்டே இருக்கும் 'யெஸ்' கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறி போட்டு, 1000 நொடி சும்மா இருக்கும் 'ஸ்லீப் 1000'-க்கு அனுப்புங்கள். ஸ்லீப் எதையும் படிக்காது. குழாயின் கொள்ளளவு 65,536 பைட். அது நிறைந்ததும் இயங்குதளத்தின் கருவான கர்னல் யெஸ்ஸைத் தூங்க வைத்துவிடும். இன்னொரு முனையத்தில், எது எவ்வளவு சிபியூ தின்கிறது என்று காட்டும் 'டாப்' போட்டால் யெஸ்ஸின் சிபியூ சுழியத்தில் நிற்கும். அதே யெஸ்ஸை, வந்ததையெல்லாம் விழுங்கிவிடும் 'டெவ் நல்'லுக்குத் திருப்பினால் சிபியூவில் ஒரு கோர் முழுக்க எரியும். "குழாய் நிறைந்ததும் ஏறுதேக்கம் யெஸ்ஸை நிறுத்துகிறது." பொருந்துகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில், தரவை எழுதும் 'ரைட்' அழைப்பு 'ஃபால்ஸ்' தந்தால் எழுதுவதை நிறுத்தி, 'டிரெயின்' நிகழ்வு வரும்வரை பொறுக்க வேண்டும். அந்த வரம்பு நெடுநாளாக 16 கிலோபைட், நோட் 22 முதல் 64. இங்கேதான் பாதிப் பேர் வழுக்குவது: ஃபால்ஸ் வந்தாலும் ரைட் மறுக்காது, வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். சோதனைக் கோப்பு 2 மெகாபைட்டாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, 4 ஜிகாபைட் கோப்பு வந்த அன்றைக்கு நிரல் விழும். கையால் எழுதாமல் 'பைப்லைன்' செயற்கூற்றிடம் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். "ஏறுதேக்கத்தை மதிக்காத நிரல்." பொருந்துகிறது.

இணையத்தில் தரவு அனுப்பும் டிசிபி நெறிமுறையில் பெறுபவர் தன் சாளர அளவை, அதாவது இன்னும் எவ்வளவு வாங்க இடமிருக்கிறது என்பதை, சொல்லிக்கொண்டே இருப்பார். சுழியம் என்று சொன்னால் அனுப்புபவர் நிறுத்துவார். பிறகு 'இடம் இருக்கிறது' என்ற பொட்டலம் (பாக்கெட்) வழியில் தொலைந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அதற்காகவே அனுப்புபவர் அவ்வப்போது ஒரு சோதனைப் பொட்டலம் விட்டுப் பார்க்கிறார். "ஏறுதேக்கம் நீங்கிய சேதி தொலைந்தது." கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் புரிகிறது.

இடறுவது ஒரே இடத்தில். 'ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ்' என்ற தரவோட்ட முறை 2017-ல் ஜாவா 9-க்குள் 'ஃப்ளோ' என்று வந்தது. அதில் வாங்குபவர் எத்தனை வேண்டும் என்று முதலிலேயே எண் சொல்லிவிடுவார், அதற்கு மேல் அனுப்பக் கூடாது. அங்கே தேங்கவே இல்லையே, பிறகு ஏறுவது எது?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

நல்ல கேள்வி. ஆலையிலும் இதே மாற்றம் உண்டு. வரிசை ரோட்டுக்கு வந்தபின் போன் போடுவது ஒன்று, "நாளைக்குப் பத்து லாரி மட்டும் வாங்க" என்று முதல் நாளே டோக்கன் கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். எண் சொல்லிக் கேட்பதற்குக் 'கேட்பளவு' என்று தனிப் பதிவு போடுவோம். ஏறுதேக்கத்தைத் தவிர்க்கும் வழி என்று அங்கே விளக்கம் எழுதலாம்.

விளக்கத்தில் இன்னொன்றும் சேர வேண்டும்: தொடரில் ஒரு கண்ணி எல்லையில்லாத வரிசையாக இருந்தாலும் ஏறுதேக்கம் அதோடு நின்றுவிடும். ஆலை போன் போட்டும் மண்டிக்காரர் 'நம்மகிட்டதான் குடோன் இருக்கே' என்று வாங்கிக் குவித்தால் தோப்புக்குச் சேதி போகாது, காய் குடோனில் அழுகும். அதேபோல் இரண்டு சேவைகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டு, இரண்டின் வரிசையும் நிறைந்தால் இரண்டும் உறையும். வளையமாக ஓடும் தொடரில் ஒரு பக்கமாவது கொட்டுவதற்கு வழி விட்டுத்தான் ஆக வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து:

கொட்டுவது என்றதும், தாங்க முடியாத வரத்தில் ஒரு பகுதியைக் கைவிடும் 'லோட் ஷெட்டிங்' நினைவுக்கு வருகிறது. பட்டியலில் அது காலியாக இருக்கிறது. மின்வெட்டு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நம் பக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் 'கோடி போகுது' என்கிறோம். கோடி என்றே வைக்கலாமா?

அரூரிலிருந்து:

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் "இரண்டு கோடி செய்திகள் கோடி போயின" என்று அறிக்கையில் வந்தால் கணக்கர் மயங்கி விழுவார். தெற்கே 'மறுகால்' என்பார்கள், அங்கே எண் குழப்பம் இல்லை. 'மறுகால் விடுதல்' என்று எழுதி, அருகே 'கோடி' என்பதை வட்டார வழக்காகக் குறித்துவிடலாம். 'இப்போது முடியாது' என்று சேவையகம் சொல்லும் 503 பதிலோடு, 'ரீட்ரை ஆஃப்டர்' தலைப்பில் எத்தனை நொடி கழித்து வரலாம் என்று அனுப்புவது ஏறுதேக்கத்துக்கும் மறுகாலுக்கும் நடுவில் வருகிறது. கொட்டவும் செய்கிறோம், பொறுக்கவும் சொல்கிறோம். அதை எந்தப் பதிவின் கீழ் வைப்பது?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

அனுப்புபவர் அந்த எண்ணை மதித்தால் ஏறுதேக்கம், மதிக்காவிட்டால் மறுகால். இரண்டு இடத்திலும் 'காண்க' போட்டுவிடுகிறேன். ஏறுதேக்கம், கேட்பளவு, வரத்து, மறுகால் விடுதல் நான்கும் இன்று இரவு பட்டியலில் ஏறும். பின்னழுத்தத்தை நீக்கவில்லை, ஓசூர் தம்பிக்காக இயந்திரவியல் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறேன்.